அகஸ்ரீனாவின் இன்சூரன்ஸ்

எங்கள் சபையில் ஒரு குடை மழைக்கு விரிய மறுத்தால் அதற்கு என் பெயரைத்தான் வைப்பார்கள். "அகஸ்ரீனாவின்ர இன்சூரன்ஸ்" என்பார்கள். சந்தையில் வாங்கிய செருப்பு ஒரு கிழமையில் வார் அறுந்தாலும் அதே பெயர். பூசைக்குப் பிறகு கதிரை அடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் விட்ட சுஜீவனையும் ஒருமுறை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் கோபிக்கவில்லை, சிரித்தான். கோபம் வந்தது எனக்கு.

ஒரு வருடம் முழுக்க இந்தப் பகிடியைக் கேட்டேன். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் நான் திரும்பும்போது சிரிப்பு சட்டென்று அடங்கும். அதை வைத்தே எனக்கு விளங்கிவிடும்.

நான் மன்னார், பேசாலைக்காரி. பலேர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. அதில் பதினாலு வருடம் ஒரே வீட்டில், சிஞ்ஞோரா பீனா என்ற வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நிரந்தர ஒப்பந்தம், மாதம் தவறாத சம்பளம். அதைப் பார்த்துத்தான் வங்கியில் எனக்கு ஒரு கடனட்டை தந்தார்கள், அதுவும் பொன்னிறத்தில். வாடகைக்கு வாகனம் எடுக்கப் போனால் அப்படி ஓர் அட்டை வேண்டும். முன்கூட்டியே காசு போட்டு வைக்கும் அட்டையை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எங்கள் ஆட்களில் அது உள்ளவர்கள் மூன்று பேர். ஒருவர் ஜெனோவாவுக்குக் குடிபோய்விட்டார். இன்னொருவர் தன் அட்டையை மனைவிக்கே காட்டமாட்டார். மிச்சம் நான்.

ஆகவே எங்களில் யாருக்கு வாடகைக் கார் வேண்டுமென்றாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். நான் போய் என் பெயரில் கையெழுத்து வைப்பேன், அட்டையைக் கொடுப்பேன். கார்த் திறப்பு என் கைக்கு வரும். வாசலைத் தாண்டியதும் அதை ஓர் ஆண்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். எனக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் சிஞ்ஞோரா பிடிவாதம் பிடித்து எடுக்க வைத்தார். எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் எழும்பினேன். அதற்குப் பிறகு அது என் கைப்பையை விட்டு வெளியே வந்தது வாடகைக் கார்க் கந்தோரின் மேசைக்கு மட்டும்தான். கையெழுத்து என்னுடையது, ஸ்டியரிங் அவர்களுடையது. இதில் ஏதும் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன வருடம் மடு மாதா பெருநாளுக்கும் அப்படித்தான் நடந்தது. மாதாவின் சுரூபம் வருடம் முழுக்கப் பலேர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் ஒரு கோவிலின் பக்கப் பீடத்தில் நிற்கும். ஆவணி மாதம் ஒரு நாள் அதைப் பக்கத்து ஊரான பகேரியாவில் உள்ள கன்னியர் மடத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பூசை, பவனி, சாப்பாடு எல்லாம் செய்வோம். அல்பெர்கேரியாவின் ஒழுங்கைகளில் ஐந்நூறு பேருக்கு எங்கே அடுப்பு மூட்டுவது? மாதா போகும் வாகனத்தை ஒன்பது வருடமாக ஓட்டியவர் என் கணவர் ஏர்னஸ்ற். பெருநாளன்று வெள்ளைச் சேட்டும் புதுச் சப்பாத்துமாக அவர் ஏறி உட்காரும் அழகைப் பார்த்தால் பாப்பரசருக்கே சாரதி என்று நினைப்பீர்கள்.

போன வருடம் சாமான் ஏற்றும் வான் ஒன்று எடுத்தோம். வாகனத்தில் சேதம் வந்தால் ஒரு குறிப்பிட்ட தொகை வரை எங்கள் தலையில் விழும் என்றாள் கந்தோரில் இருந்த பெட்டை. நாளுக்கு இவ்வளவு என்று மேலதிகமாகக் கட்டினால் அந்தப் பொறுப்பையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். நான் கிறிகோரி அண்ணைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "வேண்டாம். என்ர கிரெடிட் காட்டிலயே அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்றேன். வங்கிக்காரன் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தான். கிறிகோரி அண்ணை பெருநாள் குழுவின் தலைவர். துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்குள் லொறிகளைக் கைகாட்டி ஏற்றுவது அவர் வேலை. குழுவுக்குக் காசு மிஞ்சியதில் அவருக்குப் பெரிய சந்தோசம். "பிள்ளை விசயம் தெரிஞ்சவள்" என்று நாலு பேருக்குச் சொன்னார்.

திரும்பி வரும்போது பால்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீன்கடையின் இரும்புப் பந்தலில் வானின் கூரை இடித்துக் கிழிந்தது. ஓட்டியது ஏர்னஸ்ற். மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடகைக் கந்தோர் என் அட்டையிலிருந்து ஆயிரத்து முந்நூறு யூரோவை எடுத்துக்கொண்டது. நான் பதறாமல் அட்டையின் காப்புறுதிக்கு எழுதிப் போட்டேன். ஒரு மாதம் கழித்து மிலானோவிலிருந்து போன் வந்தது. குசினியில் நின்றபடி எடுத்தேன். எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியாக அந்த மனிதர், "வாகனத்தை ஓட்டியது யார்?" என்று கேட்டார்.

ஏர்னஸ்ற் எதிரே நின்றிருந்தார். கேள்வி அவருக்கும் கேட்டது. தலையை இல்லையென்று ஆட்டி, விரலை நீட்டி என்னைக் காட்டினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே, "என் கணவர்" என்றேன்.

மறுகிழமை கடிதம் வந்தது. காசு தர முடியாது என்பதற்கு இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். ஒன்று, அட்டைக்கு உரியவர் ஓட்டவில்லை. மற்றது, அது சாமான் வான். அந்த அட்டையின் காப்புறுதி ஆட்கள் போகும் வாகனத்துக்கு மட்டும். ஆக, நான் பொய் சொல்லியிருந்தாலும் ஒரு சதம் வந்திராது. இதை ஏர்னஸ்றுக்கு வாசித்துக் காட்டினேன். "எண்டாலும் நீ சொல்லிப் பாத்திருக்கலாம்" என்றார். மகள் றெபேக்காவின் பல்லுக்குக் கம்பி போட வைத்திருந்த காசு அது. பிள்ளை இன்னும் ஒரு வருடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழு கொஞ்சம் சேர்த்துத் தந்தது. மிச்சத்துக்குப் பகிடியைத் தந்தது.

காசு போனது ஒரு கவலை. பெயர் போனது அதைவிடப் பெரிய கவலை. இந்த ஊரில் எனக்கென்று வீடு இல்லை, காணி இல்லை. அகஸ்ரீனா சொன்னால் சரியாக இருக்கும் என்ற ஒரு பெயர்தான் இருந்தது. அதைத் திரும்ப எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த மாரி காலத்தில் அட்டையோடு வந்த புத்தகத்தை எடுத்து வாசித்தேன். முப்பத்துநாலு பக்கம், எல்லாம் பொடி எழுத்து. சிஞ்ஞோரா பீனாவுக்குக் கால் பிடித்துவிடும் நேரத்தில் சத்தமாக வாசிப்பேன். எந்தப் பக்கத்தில் அவர் நித்திரையாகிறாரோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். முக்கியமான விஷயமெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒன்பது இருக்கை வரையுள்ள, ஆட்கள் போகும் வாகனமாக இருக்க வேண்டும். வாடகை முழுவதையும் அந்த அட்டையிலேயே கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் முதல் பெயர் அட்டைக்காரரின் பெயராக இருக்க வேண்டும், ஓட்டுவதும் அவராகவே இருக்க வேண்டும். சேதம் வந்தால் அந்த இடத்திலேயே படம் எடுக்க வேண்டும், கை வைத்துத் திருத்தக்கூடாது, இரண்டு நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

வாசித்து முடித்த அன்று எனக்கு ஒன்று வெளித்தது. காப்புறுதி என்னை ஏமாற்றவில்லை. நாங்கள்தான் ஒருவருடைய பெயரை இன்னொருவருக்கு இரவல் கொடுத்துவிட்டு அது எல்லா இடமும் செல்லும் என்று நம்பியிருக்கிறோம். எங்களுக்குள் அது செல்லும். ஒருவர் பெயரில் வீட்டு வாடகை, இன்னொருவர் குடியிருப்பு. ஒருவர் பெயரில் போன், இன்னொருவர் காதில். அப்படித்தான் வந்த புதிதில் எல்லோரும் பிழைத்தோம். மிலானோவில் இருந்து போன் எடுப்பவருக்கு அந்தக் கதை விளங்காது.

சிஞ்ஞோராவின் வீட்டுக் கராஜில் அவருடைய காலம்சென்ற கணவரின் பழைய பாண்டா கார் நின்றது. கேட்டேன். "பற்றரி செத்துப்போச்சு, அதை மட்டும் மாற்று" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியப்புறங்களில் மொண்டெல்லோ கடற்கரைப் பக்கம் ஓட்டிப் பழகினேன். சிஞ்ஞோரா பின் சீட்டில் இருப்பார். எண்பத்தொரு வயது, காது மந்தம், பயம் என்பது மருந்துக்கும் இல்லை. முதல் நாள் ஒரு சந்தியில் மூன்று தரம் என்ஜின் நின்றது. பின்னால் பலேர்மோ முழுக்கக் கோர்ன் அடித்தது. சிஞ்ஞோராவுக்குக் கேட்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வேர்த்து ஊற்றியது. வைகாசி வரும்போது ரிவேர்ஸில் போய் ஒட்டி நிறுத்தும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆடியில் குழுக் கூட்டம். நான் எழும்பிச் சொன்னேன்:

"இந்த முறையும் என்ர காட்டிலதான் எடுப்பம்."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு விசயம். சாமான் வான் வேண்டாம். ஒன்பது சீட் கார் எடுப்பம், மாதா சீட்டில வருவா. மற்றது, வாகனத்தை நான்தான் ஓடுவன்."

கிறிகோரி அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, மாதாவைச் சீட்டில இருத்திறதோ? அவ என்ன பஸ்ஸிலயோ போறா?"

"போன முறை சாமான் வானில ஏத்தினனாங்கள், அண்ணை. அவ என்ன சாமானோ?"

பாடகர் குழுவில் மூத்தவரான சூசையம்மா அக்கா, "அவள் கேக்கிறது ஞாயம்தானே" என்றார். பெண்கள் பக்கம் சிரித்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது. ஓட்டுகிற விஷயம் முடியவில்லை. கந்தோர் விற்கிற பாதுகாப்பையே வாங்குவோம் என்றார் ஒருவர். அது மூன்று நாளுக்கு வாடகையளவு வரும், குழுவில் அவ்வளவு காசு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. மாதாவின் வாகனத்தை ஒரு பொம்பிளை இதுவரை ஓட்டவில்லையே என்றார் இன்னொருவர். "ஓடக்கூடாதெண்டு எங்கையும் எழுதியிருக்கோ? இருந்தால் காட்டுங்கோ, வாசிக்கிறன். நான் இப்ப எல்லாம் வாசிக்கிறனான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏர்னஸ்ற் சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

"ஒன்பது வருசம் நான் ஓடினனான்."

"தெரியும்."

"ரெண்டாவது சாரதியா என்ர பேரையும் போடலாம்தானே?"

"கந்தோர் விடும். காட் விடாது. பத்தொன்பதாம் பக்கம்."

"பத்தொன்பதாம் பக்கம்" என்று அவரும் சொன்னார். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவர் வருடத்தில் ஒரு நாள்தான் அப்படி நிமிர்ந்து உட்காருகிறவர். மற்ற நாளெல்லாம் ஒரு ஹோட்டலின் நிலவறையில் துணி தோய்க்கிறவர். பாவம் என்பதற்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் கந்தோருக்குப் போனேன். அதே பெட்டைதான். அந்தப் பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வெளியே வந்து வாகனத்தைச் சுற்றிச் சுற்றி அறுபத்திரண்டு படம் எடுத்தேன். பிறகு திறப்பை என் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறி இருந்தேன். அவள் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். இத்தனை வருடத்தில் நான் ஏறியதை அவள் கண்டதில்லை.

காலையில் சுரூபத்தை ஒழுங்கையால் கைகளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையின் உயரம், நல்ல முதிரை மரம். தலையில் வெள்ளை முக்காடு, நீலப் பட்டு உடுப்பு, கையில் பாலன். கிரீடத்தைக் கழற்றிச் சூசையம்மா அக்காவின் மடியில் வைத்தோம். முன் சீட்டில் கம்பளம் விரித்து மாதாவை இருத்திச் சாய்த்து, கயிற்றால் கட்டிவிட்டு, எல்லாம் சரியென்றார்கள். நான் என்ஜினைப் போட்டேன். கார் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

ஆளாளுக்குக் கதவைத் திறந்து மூடினார்கள். சத்தம் நிற்கவில்லை. நான் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். மாதாவுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. சூசையம்மா அக்கா சிலுவை அடையாளம் போட்டார். ஏர்னஸ்ற் மாதாவுக்கு நேர் பின் சீட்டில் ஏறி, பின்னாலிருந்து கையை நீட்டி அவவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டவில்லை. லொறிகள் எல்லாம் என்னைக் கடந்து போயின. பின்னால் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடும் ஓட்டலாம் என்பதைப் பழகியிருந்தேன்.

பகேரியாவில் மடத்தின் வாசல் பழைய காலத்து வண்டிகளுக்குக் கட்டியது. இரண்டு பக்கமும் கல் தூண். தெருவும் ஒடுக்கம். உள்ளே பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது, சுவாமியார் பூசை உடுப்போடு நின்றார். றெயினில் முதலே வந்துவிட்ட ஆண்கள் பத்துப் பேர் வாசலில் நின்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். கிறிகோரி அண்ணை இடது தூணடியில் நின்று கப்பலுக்கு லொறி ஏற்றுவதுபோல் இரண்டு கையாலும், "வா, வா, வா" என்றார். சுஜீவன் வலப்பக்கம் நின்று, "ஸ்டியரிங்கை ஒடி, இன்னும் ஒடி" என்றான். வேறொருவர் நில் என்றார். நான் கிறிகோரி அண்ணையின் கையை நம்பி விட்டேன். வலப்பக்கத்துப் பின் கதவு தூணில் உரசியது. சத்தம் ஏர்னஸ்றின் காதடியில் போய் நின்றது.

பாண்டும் நின்றுவிட்டது.

"சொன்னனாங்கள், கேட்டவளே?" என்று யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. கிறிகோரி அண்ணை என் யன்னலடிக்கு வந்தார். "பவனிக்கு நேரம் போட்டுது, பிள்ளை. திறப்பைத் தா. சுஜீவன் உள்ளுக்கு விடட்டும்."

"தரமாட்டன், அண்ணை."

"உதென்ன பிடிவாதம். சுவாமியார் நிக்கிறார்."

பின்னால் ஏர்னஸ்ற் குனிந்து மெல்லச் சொன்னார். "அகஸ்ரீனா, எனக்குத் தா. இருபது அடிதானே. ஆர் பாக்கப் போகினம்?"

என் கை தானாகத் திறப்புக்குப் போனது. வருடக்கணக்கில் பழகிய கை அல்லவா. இருபது அடிதான், ஒருவரும் பார்க்கப் போவதில்லை, அவர் ஒன்பது வருடம் ஓட்டினவர். போன வருடம் குசினியில் நின்று பதில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. இன்னொரு முறை அப்படி ஒரு பதில் சொல்ல என்னால் ஏலாது. திறப்பைக் கழற்றினேன். கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஐந்நூறு பேர் பார்க்க, தூணைப் படம் எடுத்தேன். கீறலைக் கிட்டவும் எட்டவும் எடுத்தேன். வாகனத்தின் வலப்பக்கம் முழுவதையும் எடுத்தேன். இரண்டு படம் கலங்கி வந்தது, அதைத் திருப்பி எடுத்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"எல்லாரும் கையைக் கீழ போடுங்கோ. கிறிகோரி அண்ணை மட்டும் காட்டட்டும். அண்ணை, எனக்குச் சைட் கண்ணாடியில தெரியிற இடத்தில நில்லுங்கோ. நான் உங்களைக் காணாட்டில் நீங்கள் காட்டி என்ன."

அவர் இடது தூணை விட்டு வந்தார். பிறகு வலப்பக்கம் போய்க் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றார். துறைமுகத்து ஆள், அது சரி என்று அவருக்குத் தெரியும். ஏர்னஸ்ற் கீறிய கதவைத் திறக்க ஏலாமல் மற்றப் பக்கத்தால் இறங்கி வந்து, தூணுக்கும் வாகனத்துக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பின்னுக்கு எடுத்து, நேராக்கி, உள்ளே விட்டேன். பாண்ட் திரும்பவும் தொடங்கியது. மாதா அசையவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வன்னிப் பக்கத்துச் சாந்தரூபன் வந்தார். கார் பெயின்ற் அடிக்கும் இடத்தில் வேலை. "அக்கா, ரெண்டு மணித்தியாலம் தாங்கோ. ஆரும் கண்டுபிடிக்கேலாமல் செய்து தாறன்" என்றார். நல்ல மனம். எங்கள் ஆட்கள் வாடகைக் காரில் எது நடந்தாலும் முதலில் செய்வது அதுதான். பூசி மறைத்துக் கொடுத்துவிட்டு மாதாவை மன்றாடுவது. வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு வாகனத்தடிக்குப் போனால், ஏர்னஸ்ற் கதவடியில் குந்தியிருக்கிறார். கையில் பற்பசையும் துணியும்.

"தொடாதேங்கோ."

"கொஞ்சம் மங்கும் எண்டுதான்."

"மங்கக்கூடாது. நடந்தது நடந்தபடி இருக்கட்டும்."

அவர் பற்பசையின் மூடியைப் பூட்டினார்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பெட்டை கண்டுபிடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் பத்திரம் எழுதினாள், நான் கையெழுத்து வைத்து ஒரு பிரதி வாங்கினேன். எண்ணூற்று அறுபது யூரோ என் அட்டையிலிருந்து போனது. அன்று பின்னேரமே காப்புறுதிக்கு அறிவித்தேன். அவர்கள் கேட்ட ஒவ்வொரு பத்திரத்தையும் கேட்ட மறுநாள் அனுப்பினேன்.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு கதிரை ஒன்றின் கால் முறிந்தது. இந்த முறை அவர்கள் சத்தமாகவே சொன்னார்கள், நான் திரும்பியும் அடங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் றெபேக்கா, "மம்மா, பஸ்தா, போதும், இனி ஒருத்தருக்கும் காட் குடுக்காதேங்கோ" என்றாள். அவளுக்கு இப்போது பல்லில் கம்பி போட்டாயிற்று, கோபத்தில் அது பளிச்சென்று தெரிந்தது.

"முடியட்டும் பார்" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் ஆட்டம் கண்டிருந்தது. வாசிக்காமல் விட்ட ஏதும் ஒரு வரி இருந்தால்? அன்றைக்கே புத்தகத்தைத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

கார்த்திகை தொடங்கி இரண்டாம் கிழமை, ஒரு பின்னேரம், போன் அடித்தது. மிலானோ நம்பர். நான் குசினியில் நின்றேன். ஏர்னஸ்ற் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். இந்த முறை ஒரு பெண் குரல்.

"உங்கள் பத்திரங்கள் முழுமையாக இருக்கின்றன, சிஞ்ஞோரா. வாகனம் பொருந்துகிறது, அட்டையும் பொருந்துகிறது. ஆனால் ஒரு படத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். வலப்பக்கத்துப் படம். முன் சீட்டில் ஒரு பெண் இருக்கிறார், தலையில் முக்காடு."

"ஆமாம்."

"அவருக்கு ஏதும் காயம் ஏற்பட்டதா?"

"இல்லை."

"மடியில் ஒரு குழந்தை தெரிகிறது." குரல் கொஞ்சம் இறுகியது. "குழந்தைக்குரிய இருக்கை இல்லாமல் முன்னால் வைத்துக்கொண்டு போவது சட்டப்படி தவறு. இதை நான் குறித்தாக வேண்டும்."

"அது குழந்தை இல்லை, சிஞ்ஞோரா. குழந்தைதான். ஆனால் மரம்."

"மரமா?"

"தாயும் மரம். அது மடோன்னா. பெருநாளுக்குக் கொண்டுபோனோம்."

மறுபக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் போலும். "பெல்ட் போட்டிருக்கிறாரே" என்றாள்.

"போடாவிட்டால் கார் விடாது."

அவள் சிரித்துவிட்டாள். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, உரையாடல் பதிவாகிறது என்றாள். "சரி. கடைசியாக ஒரு கேள்வி. இதற்கு மேல் எனக்குத் தேவையில்லை, இன்றைக்கே கோப்பை முடித்துக் காசை அனுப்பச் சொல்லலாம். வாகனத்தை ஓட்டியது யார்? தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஆளா, இடையில் சிறிது தூரமாவது வேறு யாரும் ஓட்டினார்களா?"

வெங்காயம் வெட்டிய கத்தி நின்றது. ஏர்னஸ்ற் நிமிர்ந்தார். அந்த இருபது அடி அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது, வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம். போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்று, போன வருடம் போலவே விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"நான்" என்றேன். "முழுத் தூரமும் நான்தான்."